படிக்கட்டில் ஒரு படி கூடுதல்: ஏமாற்றிய பேய்ப்படம் பற்றிச் சில கேள்விகள்

அண்மையில் ஒரு பேய்ப்படம் பார்த்து ஏமாந்தேன். பெயர் வேண்டாம்; அதே குறை இன்னும் நூறு படங்களுக்கு உண்டு. கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன், கீழே அடிக்கடி அதற்குத் திரும்புவேன்.

கணவனை இழந்த ஒரு பெண், எட்டு வயது மகளோடு ஒரு பழைய வீட்டுக்குக் குடிவருகிறாள். கண்ணில் படுவதையெல்லாம் எண்ணிப் பார்ப்பது அந்தச் சிறுமியின் பழக்கம். பகலில் மாடிப்படி 13. இரவில் தண்ணீர் குடிக்க இறங்கும்போது எண்ணுகிறாள்: 14. அம்மா நம்பவில்லை. காலையில் அவளே எண்ணிக் காட்டுகிறாள்: 13. முதல் 40 நிமிடம் இவ்வளவுதான். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. அதன்பின் பழைய சாபம், விளக்கம் சொல்ல ஒரு பேராசிரியர், கூரையில் ஊர்ந்து வரும் கிராஃபிக்ஸ் உருவம் என்று படம் வேறெங்கோ போய்ச் சேர்ந்தது. படிகளை அப்புறம் யாரும் எண்ணவே இல்லை.

இதைச் சொல்லப்போய் என்னைச் சுற்றியுள்ளவர்கள் கேட்ட கேள்விகளும், நானே என்னைக் கேட்டுக்கொண்டவையும் இவை.

மோசமான படம், ஏமாற்றிய படம் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. மோசமான படம் பெரும்பாலும் முதல் பத்து நிமிடத்திலேயே தன் முகத்தைக் காட்டிவிடும். நாமும் சாய்ந்து உட்கார்ந்து, கிண்டலடித்துக்கொண்டே பார்த்துவிட்டு மறந்துவிடுவோம். கோபம் வராது. ஏமாற வேண்டுமானால் முதலில் நம்பியிருக்க வேண்டும். 14-ஆவது படியை எண்ணிய அந்தக் காட்சி என்னை நம்ப வைத்தது. அந்த நம்பிக்கைக்குப் பதில் சொல்லாமல் போனதுதான் வலித்தது.

ஆகவே நான் ஒரு படத்தை எடைபோடும்போது முதலில் கேட்பது, "இந்தப் படம் எனக்கு என்ன வாக்குக் கொடுத்தது?" என்றுதான். படமே கொடுத்த வாக்கு ஒன்று. ட்ரெய்லரும் போஸ்டரும் கொடுத்த வாக்கு இன்னொன்று. இரண்டாவதை இயக்குநர் கொடுத்திருக்க மாட்டார், விளம்பரப் பிரிவு கொடுத்திருக்கும். இரண்டையும் ஒரே கணக்கில் எழுதினால் யாரோ வாங்கிய கடனுக்கு வேறு யாரையோ பிடித்துக் கேட்பது போலாகிவிடும்.

பேய்ப்படம் என்றால் பயமுறுத்த வேண்டும். பயம் வரவில்லை என்றால் தோல்விதானே?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பயம் மாதிரி நம்ப முடியாத அளவுகோல் வேறில்லை. ஒருவருக்குப் பொம்மை என்றால் பயம், இன்னொருவருக்குத் தண்ணீர், மற்றவருக்குப் பூட்டிய அறை. முந்தைய இரவு தூங்கினோமா, பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், இதே மாதிரி எத்தனை படம் பார்த்திருக்கிறோம் என்று எல்லாமே உள்ளே புகுந்து வேலை செய்கின்றன. இருநூறு பேய்ப்படம் பார்த்தவனுக்குக் கதவு தானாகத் திறந்தால் கொட்டாவி வரும். அது கதவின் குற்றமா?

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்கிறோம். ஒரு திகில் இயக்குநரின் தொழில் ரகசியம் முழுக்க அதில் இருக்கிறது, ஆனால் பாதிப் பேர் அதைப் பின்பக்கமிருந்து படிக்கிறார்கள். பேயை எவ்வளவு பயங்கரமாகச் செய்வது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். முதலில் செய்ய வேண்டியது என்னை அரண்டவனாக்குவது. அதைச் செய்துவிட்டால் பேயை நானே செய்துகொள்வேன். நாற்காலியில் தொங்கும் சட்டை போதும். அந்தப் படத்தின் முதல் 40 நிமிடத்தில் பேயே கிடையாது, வெறும் படிக்கட்டுதான், பயந்தேன். கடைசி அரை மணி நேரம் முழுக்கப் பேய்தான், மணி பார்த்தேன்.

இன்னொன்று, "பயம்" என்று ஒரே சொல்லால் நாம் பல உணர்ச்சிகளைச் சொல்கிறோம். திடுக்கிடுவது வேறு. ஏதோ நடக்கப் போகிறது என்ற கலக்கம் வேறு. அருவருப்பு வேறு. படம் முடிந்து மூன்று நாள் கழித்துப் பல் துலக்கும்போது நினைவுக்கு வந்து முதுகு சில்லிடுவது முற்றிலும் வேறு. கலக்கத்தைக் கொடுக்க எடுத்த படத்தை, "ஒரு தடவைகூடத் துள்ளி விழவில்லை" என்று குறை சொல்வதில் பொருளில்லை.

திடீரென்று துள்ள வைக்கும் 'ஜம்ப் ஸ்கேர்' மட்டமான உத்தியா?

சத்தத்தால் மட்டும் செய்தால் மட்டம்தான். அமைதியாக இருக்கும் இடத்தில் காதருகே டமாரம் அடித்தால் யாரும் துள்ளுவார்கள். அது உடம்பின் வேலை. அதில் இயக்குநர் பெருமைப்பட எதுவும் இல்லை.

ஆனால் நன்றாகச் செய்தால் அழகான உத்தி. 1942-இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில் ஒரு பெண் இரவில் தனியாக நடந்து போவாள். பின்னால், சிறுத்தையாக மாறுவாளோ என்று நாம் சந்தேகிக்கும் இன்னொருத்தி வருகிறாள். இருவரின் செருப்புச் சத்தமும் கேட்டுக்கொண்டே இருக்கும்; திடீரென்று ஒன்று நின்றுவிடும். மிருகம் பாயப் போகிறது என்று நாம் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் நொடியில், சீறிக்கொண்டு சட்டகத்துக்குள் நுழைவது ஒரு பஸ். அவ்வளவுதான். படத்தைத் தயாரித்த வால் லூட்டனின் பெயரால் இந்த உத்தியைத் திரைத்துறையில் 'லூட்டன் பஸ்' என்றே அழைக்கிறார்கள். அங்கே துள்ள வைத்தது பிரேக் சத்தம் என்று தோன்றும். உண்மையில் வேலை செய்தது அதற்கு முன்பு நின்றுபோன அந்தச் செருப்புச் சத்தம்.

திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் துருஃபோவிடம் இதை வேறு விதமாக விளக்கியிருக்கிறார். இருவர் மேஜையில் பேசிக்கொண்டிருக்கும்போது அடியில் இருந்த குண்டு திடீரென வெடித்தால் நமக்குச் சில நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பதை நமக்கு மட்டும் முன்பே காட்டிவிட்டால் அதே வெட்டிப் பேச்சு கால் மணி நேரப் பதற்றம். நான் பார்த்த படத்தில் 14-ஆவது படிதான் அந்தக் குண்டு. மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு, ஆளையும் மேஜையையும் அப்படியே விட்டுவிட்டு வேறு அறைக்குப் போய்விட்டார்கள்.

பேயைக் கடைசியில் காட்டத்தானே வேண்டும்? காட்டாவிட்டாலும் ஏமாற்றம் என்பீர்களே!

என்பேன்தான். இந்தத் தொழிலின் தொல்லையே அது. காட்டினால் "இவ்வளவுதானா", காட்டாவிட்டால் "காசு மிச்சம் பிடித்துவிட்டார்கள்".

1975-இல் வெளியான 'ஜாஸ்' படத்தை எடுத்தபோது ஸ்பீல்பெர்க் செய்துவைத்த இயந்திரச் சுறா கடலில் அடிக்கடி பழுதானது. வேறு வழியில்லாமல் சுறாவை நீண்ட நேரம் காட்டாமல், சுறாவோடு பிணைத்த மஞ்சள் பீப்பாய்கள் நீரில் இழுபட்டுப் போவதையும் ஜான் வில்லியம்ஸின் அந்த இரண்டு சுர இசையையும் வைத்தே ஒப்பேற்றினார்கள். படம் பிழைத்ததே அதனால்தான். இன்றைக்குக் கிராஃபிக்ஸில் எதுவும் பழுதாவதில்லை. எதை வேண்டுமானாலும் காட்டலாம் என்பதால் எல்லாவற்றையும் காட்டிவிடுகிறார்கள்.

என் கணக்கில், காட்டுவதோ மறைப்பதோ பிரச்சினை இல்லை. காட்டும்போது, அதுவரை நான் மனதில் செய்து வைத்திருந்த பேயை விடப் படத்தின் பேய் வேறு மாதிரியாவது இருக்க வேண்டும். பெரிதாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

பேய்க்கு விளக்கம் வேண்டாமா?

ஓரளவு வேண்டும். ஆனால் பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பழைய புத்தகத்தைத் திறந்தால் படம் படுத்துவிட்டது என்று அர்த்தம். காரணம் தெரிந்த பயம் பாதிப் பயம்தான். சாபம் எந்த ஆண்டு யாரால் இடப்பட்டது என்று தெரிந்ததும் பேய் ஒரு கோப்பாகிவிடுகிறது. கையெழுத்துப் போட்டு மூடிவிடலாம்.

முதல் பாதி அவ்வளவு நன்றாக இருந்ததென்றால் பாதி மதிப்பெண்ணாவது கொடுக்கலாமே. கடைசி மட்டும் கெட்டதற்கு ஏன் மொத்தப் படத்தையும் திட்டுகிறோம்?

நம் நினைவு சராசரி எடுப்பதில்லை. உளவியலாளர் டேனியல் கானமனும் கூட்டாளிகளும் 1993-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்குப் பிரபலமான சான்று. ஒரு முறை, 14 டிகிரி செல்சியஸ் குளிர் நீரில் 60 விநாடி கையை வைத்திருக்க வேண்டும். இன்னொரு முறை, அதே 60 விநாடியோடு மேலும் 30 விநாடி. அந்த நேரத்தில் நீரின் வெப்பம் மெல்ல 15 டிகிரிக்கு உயரும். எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலானவர்கள் நீளமானதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். மொத்தத்தில் கூடுதல் வேதனை, ஆனால் முடிவு கொஞ்சம் இதம். ஓர் அனுபவத்தின் உச்சத்தையும் முடிவையும்தான் மனம் எடுத்து வைத்துக்கொள்கிறது, நடுவில் ஓடிய நேரத்தை அவ்வளவாகக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதைத் திருப்பிப் போட்டால் பேய்ப்படம். உச்சமும் முடிவும் ஒரே இடத்தில், க்ளைமாக்ஸில், வந்து நிற்கும்படிதான் இந்த வகைப் படங்களை எழுதுகிறார்கள். அங்கே புஸ்வாணமானால் இரண்டும் ஒன்றாகப் போய்விடும். நகைச்சுவைப் படத்தின் கடைசி கால் மணி நேரம் சுமாராக இருந்தால் நடுவில் சிரித்தது நினைவிருக்கும். காதல் படத்துக்குப் பாட்டாவது மிஞ்சும். பேய்ப்படத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

2012-இல் வந்த 'தி டெவில் இன்சைட்' இதற்கு ஓர் உச்சகட்ட உதாரணம். கார் விபத்தோடு படம் பட்டென்று நின்று, மேலும் அறிய இந்த இணையதளத்துக்குப் போங்கள் என்று முகவரியைக் காட்டியது. பணம் கொடுத்து உட்கார்ந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! சுமார் 10 லட்சம் டாலரில் எடுத்த அந்தப் படம் உலகெங்கும் 10 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது என்பது தனிக் கதை. வசூலை வைத்துப் படத்தை எடைபோடுபவர்களுக்கு என் பதிலும் அதுவே.

அதனால் இப்போதெல்லாம் பார்த்து முடித்த சூட்டில் மதிப்பெண் போடுவதில்லை. இரண்டு நாள் விடுகிறேன். முடிவின் எரிச்சல் கொஞ்சம் ஆறியபின் எது நிற்கிறது என்று பார்க்கிறேன்.

விமர்சகர்கள் கொண்டாடும் பேய்ப்படத்தைப் பார்வையாளர்கள் ஏன் கரித்துக் கொட்டுகிறார்கள்?

அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்ற நிறுவனம், படம் வெளியாகும் முதல் நாளிலேயே திரையரங்குக்கு வருபவர்களிடம் அட்டையைக் கொடுத்து, ஏ பிளஸ் முதல் எஃப் வரை தரம் கேட்கிறது. 1970-களின் இறுதியிலிருந்து இந்த வேலை நடக்கிறது. பொதுவாக அங்கே தாராளமாகவே தருவார்கள். பி என்பதே சுமார் என்று பொருள். பேய்ப்படங்கள் மட்டும் தொடர்ந்து அடி வாங்கும். 2018-இல் விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்த 'ஹெரிடிட்டரி' வாங்கியது டி பிளஸ். 2017-இன் 'மதர்!' எஃப். மேலே சொன்ன 'தி டெவில் இன்சைட்' படத்துக்கும் எஃப்தான். இரண்டும் ஒரே வகுப்பில் உட்கார வேண்டிய படங்களா?

இங்கேதான் அந்த இரண்டு வாக்குகள் குழம்புகின்றன. முதல் நாளே வருபவர் ட்ரெய்லர் பார்த்துவிட்டு வருபவர். அவர் தரும் தரம், "எனக்குச் சொன்னது கிடைத்ததா?" என்ற கேள்விக்கான பதில். குடும்பத் துக்கத்தைப் பற்றி மெல்ல நகரும் படத்தை, அலறல் படம் என்று விற்றால் அவர் டி போடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. விமர்சகர் ட்ரெய்லரை மறந்துவிட்டுப் படம் தனக்கே கொடுத்துக்கொண்ட வாக்கைப் பார்க்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இருவரும் பொய் சொல்லவில்லை, வேறு வேறு கேள்விக்கு விடை எழுதியிருக்கிறார்கள்.

இன்னொரு காரணத்தையும் ஊகிக்கிறேன். நிம்மதியில்லாமல் வெளியே வரும் ஒருவரிடம் உடனே அட்டையை நீட்டினால், படம் தன் வேலையைச் சரியாகச் செய்ததற்காகவே தண்டனை கிடைக்கலாம். வயிற்றைப் பிசையும் படத்துக்கு யார் சிரித்த முகத்தோடு ஏ போடுவார்கள்?

விமர்சனங்களைத் திரட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 90 சதவீதம் என்று போட்டிருந்தது. பார்த்தால் சுமாராகத்தான் இருந்தது. ஏன்?

அந்த 90, மதிப்பெண் இல்லை. 10 விமர்சகரில் 9 பேர் "பார்க்கலாம்" என்றார்கள் என்று அர்த்தம், அவ்வளவே. பத்துப் பேரும் "பரவாயில்லை, 10-க்கு 6" என்றாலும் 100 சதவீதம் வரும். ஐந்து பேர் காலத்தால் அழியாதது என்று புகழ்ந்து, ஐந்து பேர் குப்பை என்று எறிந்தால் 50 சதவீதம்தான் வரும், 60-க்குக் கீழே என்பதால் அந்தத் தளம் அழுகிய தக்காளி முத்திரை குத்திவிடும். எனக்கு அந்த இரண்டாவது படத்தைப் பார்க்கத்தான் ஆசை. பேய்ப்படத்தில் சண்டை மூட்டும் படங்களே பெரும்பாலும் சுவாரசியமானவை.

சராசரி வேண்டுமென்றால் மெட்டாக்ரிட்டிக் தளத்தின் எண்ணைப் பாருங்கள். அதைவிட, உங்கள் ரசனைக்கு ஒத்துப்போகும் ஒரே ஒரு விமர்சகரைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ரசனைக்கு நேர் எதிரானவர் கிடைத்தால் இன்னும் நல்லது. அவர் திட்டியதும் டிக்கெட் எடுத்துவிடலாம்.

விமர்சகர்களே தப்பாகச் சொன்னதுண்டா?

நிறைய. 1982 ஜூன் 25-இல் ஜான் கார்ப்பென்டரின் 'தி திங்' அமெரிக்காவில் வெளியானபோது அருவருப்பு, வெறும் சதைக் குவியல் என்கிற ரீதியில் கிழித்தார்கள். அன்பான வேற்றுக்கிரகவாசியோடு 'இ.டி.' வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ஊரே அதைப் பார்த்து உருகிக்கொண்டிருக்கும்போது, யாரையும் நம்ப முடியாது என்று சொல்லும் வேற்றுக்கிரகப் படம் எப்படி எடுபடும்? என்னியோ மோரிக்கோனே அதற்கு அமைத்த இசை ஆண்டின் மோசமான படைப்புகளுக்குக் கேலியாகத் தரும் ராஸி விருதின், மோசமான இசைக்கான பரிந்துரைப் பட்டியலில்கூட இடம்பெற்றது. இன்று அந்த வகையின் தலைசிறந்த படங்களைப் பட்டியலிடுபவர்கள் அதை விடுவதில்லை.

'தி ஷைனிங்' படத்துக்காக ஸ்டான்லி குப்ரிக்கை மோசமான இயக்குநர் விருதுக்குப் பரிந்துரைத்ததும் இதே ராஸிக்காரர்கள்தான். அதில் நடித்த ஷெல்லி டுவாலுக்கான பரிந்துரையை 2022-இல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 40 ஆண்டு கழித்து வந்த மன்னிப்பு!

ஆனால் இதை வைத்து, "திட்டு வாங்கிய படமெல்லாம் ஒருநாள் காவியமாகும்" என்று கிளம்பிவிடக் கூடாது. திட்டு வாங்கிய பெரும்பாலான படங்கள் திட்டு வாங்க வேண்டியவைதான்.

கதாபாத்திரங்கள் முட்டாள்தனமாக நடந்தால் மதிப்பெண் குறைப்பீர்களா?

முட்டாள்தனத்துக்குக் குறைப்பதில்லை. காரணமில்லாத முட்டாள்தனத்துக்குக் குறைப்பேன். மகள் கூப்பிடும் குரல் கேட்டு நிலவறைக்குள் இறங்கும் தாயை நான் திட்ட மாட்டேன், யாராக இருந்தாலும் இறங்குவார்கள். சத்தம் கேட்கிறதே என்று தனியாக, விளக்கைப் போடாமல் இறங்குபவனைக் காப்பாற்ற எனக்கு அக்கறை இல்லை. அப்போது நான் பேயின் கட்சி.

பட்ஜெட் குறைவு என்பதற்காகச் சலுகை தரலாமா?

தேவையில்லை. இந்த வகையில் ஏழ்மை ஒரு குறையே அல்ல. 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' சுமார் 15,000 டாலரில், பெரும்பகுதி ஒரு படுக்கையறையில் அசையாமல் நின்ற கேமராவை வைத்து எடுக்கப்பட்டது. உலகத்தையே கலக்கியது.

எங்கே, எப்படிப் பார்த்தோம் என்பது தீர்ப்பை மாற்றுமா?

நாம் ஒப்புக்கொள்வதை விட அதிகமாக. பேய்ப்படத்தில் பாதி, ஒலி. பட்டப்பகலில், போனில், நடுநடுவே செய்திக்குப் பதில் அனுப்பிக்கொண்டு பார்த்துவிட்டு, "பயமே இல்லை" என்பது காதைப் பொத்திக்கொண்டு கச்சேரி கேட்ட கதை. அரங்கில் பார்ப்பதற்கும் ஆபத்து உண்டு. ஒருவர் சிரித்தால் வரிசையே சிரிக்கும். பயந்தவன்தான் பெரும்பாலும் முதலில் சிரிப்பவன். நான் ஏமாந்த படத்தை வீட்டில், தனியாக, விளக்கணைத்துத்தான் பார்த்தேன். ஆக அந்தச் சாக்கு அதற்குக் கிடையாது.

எனக்குப் பிடித்த படத்தை ஒருவர் மொக்கை என்கிறார். எப்படி மறுப்பது?

மறுக்க வேண்டாம். அவர் எந்த இடத்தில் படத்தை விட்டு வெளியே வந்தார் என்று கேளுங்கள். "மொக்கை" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "அந்தக் கண்ணாடிக் காட்சியில் விட்டுப்போச்சு" என்றால் அங்கிருந்து ஒரு மணி நேரம் பேசலாம். சில சமயம் அவர் சொல்வது சரியாகவும் இருந்து தொலைக்கும்.

கடைசியாக, அந்தப் படிக்கட்டுப் படத்துக்கு எத்தனை போட்டீர்கள்?

பார்த்த இரவு 10-க்கு 3. கோபத்தில் போட்டது.

இரண்டு நாள் கழித்து 5 ஆக்கினேன். சாபம், பேராசிரியர், கூரை உருவம் எல்லாம் மறந்துவிட்டன. உருவத்தின் முகம்கூட இப்போது நினைவில்லை. அந்தச் சிறுமி வெறுங்காலோடு இறங்கி, கடைசிப் படியில் நின்று, மேலே திரும்பிப் பார்த்தது மட்டும் இருக்கிறது.

எங்கள் வீட்டு மாடிப்படி 17. நேற்று இரவும் எண்ணினேன்.